பழையன புதுக்கல்

உருவத்தாற் பெரியவற்றையே மக்கள் கண் முதலில் நாடுகின்றது. வானளாவிய கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் பலர். அதனைத் தாங்கும் அடிக்கல்லைக் குனிந்து பார்ப்போர் சிலர். வீதியில் அசைந்து வரும் தேரின் அழகைப் புகழ்வோர் பலர். அதன் சக்கரம் கழலாமற் காக்கும் அச்சாணியை நினைப்போர் மிகச் சிலர். சிறிய உருவம் உடையாரை இகழ்தல் தகாது என்று உணர்த்த வந்த திருவள்ளுவர், தேரின் ஆணியையே உவமையாக எடுத்துக் காட்டினார். அச்சாணியின் பெருமையை அறிந்த தமிழ்நாட்டில், மிதிவண்டியின் கழுத்தினுள் மறைந்து கிடக்கும் எஃகுக் குண்டுகளின் பெருமையும் அறியத் தக்கதே ஆகும்.

காஞ்சி மாநகரில் வைகாசித் திங்களில் வரதராசப் பெருமாளின் தேர் ஓடும்பொழுது ஒரு காட்சியைக் காணலாம். வடம் பிடிப்போர் ஆயிரவர். எனினும் தேர் திரும்புவது அவர்தம் வலிமையால் மட்டும் அன்று. சக்கரங்களின் அருகே குனிந்து நடந்து, முட்டுக்கட்டை இடுவோர் சிலர் உளர். தேருக்குக் கழுத்து இல்லை. அதன் சக்கரங்கள் தாமாகத் திரும்பா. ஆதலின் கட்டையை இடுதலாலும் எடுத்தலாலுமே அதனைத் தெரு முனையில் திருப்புகின்றனர். மிதிவண்டிக்கோ கழுத்து உண்டு. ஒரு சிறுவனின் இரு கைகள் அதனை நினைத்தவாறு திருப்பும். அவ்வெளிமைக்குக் காரணம், அக்கழுத்தினுள் உருளும் சிறு குண்டுகளே.

காஞ்சி நெசவாளர் நகரம். பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் வைகறையிலேயே தெருவில் பாவு நீட்டும் காட்சியையும், வீட்டினுள் குழித்தறி ஒலிப்பதையும் இன்றும் காணவும் கேட்கவும் கூடும். அத்தெருக்களில் மிதிவண்டி நெடுங்காலமாகக் குடும்பத்தின் ஓர் உறுப்பாக இருந்து வருகிறது. பட்டு நூல் கொண்டு வருவதற்கும், நெய்த சேலையைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு எடுத்துச் செல்வதற்கும், பிள்ளைகள் பள்ளி செல்வதற்கும் அதுவே துணை. பால் விற்பவரும், பூ விற்பவரும், இளநீர்க் குலை கட்டிச் செல்பவரும் அதனையே நம்பி வாழ்ந்தனர். இன்று விசைவண்டிகள் பெருகிவிட்டன. ஆயினும் எரிநெய்க்குப் பொருள் இல்லாதார்க்கும், உரிமம் பெறும் வயது எய்தாத மாணவர்க்கும் மிதிவண்டியே ஊர்தி.

அம்மிதிவண்டியும் எல்லார்க்கும் புதிதாகக் கிடைப்பதில்லை. ஒருவர் ஓட்டிக் கழித்ததை மற்றொருவர் குறைந்த விலைக்கு வாங்குவர். வாங்குவோர் எதனைப் பார்க்கின்றனர்? வண்ணம் மங்காது உள்ளதா என்று பார்ப்பர். மணியை அடித்துப் பார்ப்பர். டயரை அழுத்திப் பார்ப்பர். சங்கிலியைச் சுழற்றிப் பார்ப்பர். கழுத்தைப் பார்ப்பவர் அரியர். வாங்கிய சில நாளில், கைப்பிடி ஏதோ ஓரிடத்தில் சிக்குவது போலவும், பள்ளத்தில் இறங்கும்பொழுது முன்புறம் 'கடகட'வென ஒலிப்பது போலவும் தோன்றும். "பழைய வண்டிதானே; இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அமைவர். இவ்வமைதி அறியாமையின் பயன். சில வேளைகளில் இடருக்கு வித்தும் ஆகும். மலிவாக வாங்கிய வண்டியாயினும் அதன் கழுத்தைச் செம்மை செய்து ஓட்டுவதே முறை என்பதும், அதனைச் செய்யும் அறிவு கல்வியின் ஒரு கூறு என்பதும் ஈண்டு நிலைநாட்டத் தக்கன.

முதலில் உருள்குண்டின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். ஒரு பொருளின் மேல் மற்றொரு பொருள் உராய்ந்து சென்றால் தேய்மானமும் தடையும் மிகும். உருண்டு சென்றால் குறையும். இவ்வுண்மையைப் பெரும் பாறைகளை மர உருளைகளின் மேல் ஏற்றித் தள்ளியோர் அனைவரும் அறிந்திருந்தனர். வண்டியின் அச்சிற்குக் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு 1794ஆம் ஆண்டில் வேல்சு நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் காப்புரிமை பெற்றார். 1869இல் பிரான்சு நாட்டுச் சூல்சு சூரிரே என்பவர் மிதிவண்டிக்கு அதனைப் பொருத்தினார். அவ்வாண்டிலேயே பாரிசு நகரிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த பந்தயத்தில் குண்டு பொருத்திய வண்டி ஓட்டிய சேம்சு மூர் வாகை சூடினார். ஆயினும் ஒரே அளவான குண்டுகளைத் திரளாகச் செய்தல் அந்நாளில் எளிதாக இல்லை. 1883இல் செருமனியின் சுவைன்பர்ட்டு நகரில் பிரீடரிச்சு பிசர் என்பவர், குண்டுகளை முற்றும் உருண்டையாக அரைத்தெடுக்கும் எந்திரத்தை அமைத்தார். அதன் பின்னரே உருள்குண்டு உலகெங்கும் பரவிற்று.

1885இல் இங்கிலாந்தில் சான் கெம்ப் சுடார்லி அமைத்த 'ரோவர்' வண்டியே இன்றைய மிதிவண்டியின் முன்னோடி. இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், சங்கிலியாற் பின் சக்கரம் சுழலும் அமைப்பு அதில் நிலைபெற்றது. 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைத் தந்தார். இந்தியா விடுதலை பெற்ற பின்னர் இந்நாட்டிலேயே மிதிவண்டி செய்யும் தொழில் வளர்ந்தது. 1949இல் தோன்றிய டி. ஐ. சைக்கிள்சு நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் வண்டிகளைச் செய்யலாயிற்று. 1956இல் லூதியானாவில் ஹீரோ நிறுவனம் எழுந்தது. இவ்வாறு உலகின் பல மூலைகளில் பிறந்த அறிவெல்லாம் ஒன்று திரண்டே காஞ்சித் தெருவில் ஓடும் ஓர் எளிய வண்டியாய் நிற்கிறது. அதனை எளிதாக எண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, கழுத்தின் அமைப்பைக் காண்போர்க்கு அதன் நுட்பம் புலனாகும். வண்டிச் சட்டத்தின் முன்னே குறுகிய குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கும், அது தலைக்குழாய். முன் சக்கரத்தை இரு கால்களால் பற்றி நிற்பது கவை. அதனைப் பணிமனையார் 'போர்க்' என்பர். கவையின் தண்டு தலைக்குழாயின் உள்ளே புகுந்து மேலே வெளிப்படும். அதன் தலையிற் கைப்பிடி பொருந்தும். தலைக்குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் எஃகுக் கிண்ணங்கள் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றை எதிர்நோக்கி, தண்டின்மேல் அமைந்த துணைகள் இருக்கும். கடைத்தெருவில் இவற்றைக் 'கப்' என்றும் 'கோன்' என்றும் வழங்குவர். இவ்விரண்டன் இடையே வட்டமாக நிரல்பட்டு நிற்பவையே 'பால்ரஸ்' எனப்படும் குண்டுகள். பெரும்பாலான வண்டிகளில் ஒரு குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தை 32 கூறிட்ட 5 கூறு. அஃதாவது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். மிளகினும் சற்றே சிறியதென்று கொள்ளலாம். வண்டியின் முன்பாரமும், ஓட்டுபவர் கைகளின் பாரமும், சாலை தரும் அதிர்ச்சியும் இம்மிளகளவு குண்டுகளின் மேலேயே விழுகின்றன.

இக்குண்டுகள் கெடுவதற்குரிய காரணம் வியப்பளிப்பது. சக்கரத்தின் நடுவே உள்ள குண்டுகள் ஓயாது சுழல்கின்றன. சுழலச் சுழல, அவற்றின்மேற் பூசிய கிரீசு எங்கும் பரவிக் காக்கிறது. கழுத்துக் குண்டுகளோ அங்ஙனம் சுழல்வதில்லை. வண்டி நேரே செல்லும்பொழுது கைப்பிடி இடத்திற்கும் வலத்திற்கும் மிகச் சிறிதே அசையும். ஆகவே ஒவ்வொரு குண்டும் கிண்ணத்தின் ஒரே இடத்தில் நின்று, பள்ளந்தோறும் மேட்டுந்தோறும் அவ்விடத்தையே குத்துகிறது. இடையில் இருந்த கிரீசு ஒதுங்கிவிடும்; ஒதுங்கியது மீண்டு வருவதில்லை. உலோகத்தோடு உலோகம் உரசும். மழைநீரும் புழுதியும் உட்புகும். நாளடைவில் ஒவ்வொரு குண்டின் கீழும் ஒரு சிறு குழி தோன்றிவிடும். உழைப்பவன் தேய்தல் இயல்பு. இங்கோ அசையாமல் நின்றதே தேய்வை விரைவுபடுத்துகிறது. கீழ்க் கிண்ணமே மிகுதியாகக் கெடும். பாரத்தின் பெரும்பகுதியும், சக்கரம் வாரி இறைக்கும் சேறும் அதனையே சாரும்.

குழி விழுந்த கிண்ணத்தில் குண்டுகள் தத்தம் குழியில் அமர்ந்துகொள்ளும். அப்பொழுது கைப்பிடி நேர்நிலையில் 'சிக்'கென்று பற்றிக்கொள்ளும். சிறிது திருப்ப வேண்டுமாயின் முதலில் தடை தோன்றும். தடை நீங்கியதும் வேண்டிய அளவினும் மிகுதியாகத் திரும்பும். இஃது என்ன பெருந்தீங்கு என்று கேட்போர் உளர். மிதிவண்டி விழாமல் நிற்பது எதனால் என்பதை அறிந்தால் அக்கேள்வி எழாது. வண்டி இடப்புறம் சாயுமாயின், ஓட்டுபவர் தம்மை அறியாமலே கைப்பிடியைச் சிறிது இடப்புறம் திருப்புகிறார். சக்கரம் சாய்ந்த பாரத்தின் கீழே வந்து தாங்கிக்கொள்கிறது. வலப்புறமும் அவ்வாறே. இச்சிறு திருத்தங்கள் ஓயாது நிகழ்ந்துகொண்டே இருக்கின்றன. வண்டி சாயும் பக்கம் முன் சக்கரம் திரும்புதல் அதன் நிலைபேற்றிற்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 2011இல் அமெரிக்க, நெதர்லாந்து அறிஞர் சிலர் ஒரு சோதனை வண்டியைக் கொண்டும் விளக்கினர்.

ஆகவே கழுத்துச் சிக்குமாயின், வண்டி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. கிண்ணம் தளர்ந்து ஆடுமாயின், முன் தடையை அழுத்தும்பொழுது கவை முன்னும் பின்னும் நடுங்கும். குறுகிய சந்தில் மெல்லச் செல்பவர்க்கு இது சிறு தொல்லை. பேருந்துகளும் சரக்குந்துகளும் விரையும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் செல்லும் மாணவர்க்கு அது உயிர்ச்சிக்கல். ஒரு சாண் அளவு விலகினாலும் உயிர் போகக்கூடிய இடத்தில், அச்சாணுக்குக் காவலாக இருப்பவை மிளகளவு குண்டுகளே. மலிவு வண்டிக்கு மலிவான பாதுகாப்புப் போதும் என்று எண்ணலாமா? வண்டியின் விலை குறையலாம். அதன்மேல் அமர்ந்து செல்லும் பிள்ளையின் விலை குறையுமா?

கழுத்தின் நிலையை அறியக் கருவி எதுவும் வேண்டா, கையே போதும். முன் தடையை அழுத்திப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தல் வேண்டும். தலைக்குழாயும் கவையும் கூடும் இடத்தில் ஒரு விரலை வைத்திருப்பின், தளர்ச்சி உளதாயின் விரல் உணரும். பின்னர் முன் சக்கரத்தை நிலத்தினின்று தூக்கிக் கைப்பிடியை இரு விரலால் மெல்லத் திருப்புதல் வேண்டும். நெய் தடவியது போல வழுக்கிச் சென்றால் நலம்; நடுவில் ஒரு பள்ளத்தில் அமர்வது போலத் தோன்றினால் குழி விழுந்தது என்பது பொருள்; மணல் அரைப்பது போல இருந்தால் அழுக்குப் புகுந்தது என்பது பொருள். பட்டு நூலின் முறுக்கை விரலாலேயே அறியும் நெசவாளர் குடிப் பிள்ளைகளுக்கு இவ்வறிவு அரிதன்று.

செம்மை செய்யும் முறையும் ஒழுங்குடையது. தடைக் கம்பிகளை முதலிற் கழற்றுதல் வேண்டும். கைப்பிடித் தண்டின் உச்சியிலுள்ள மரையாணியைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன்மேல் மரத்துண்டு ஒன்றை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினால் உள்ளே இறுகியுள்ள ஆப்புத் தளரும், கைப்பிடி வெளிவரும். பின்னர்ப் பூட்டுமரையை நீக்கி, மேல் கிண்ணத்துணையைத் திருகிக் கழற்ற வேண்டும். அப்பொழுது கவையை ஒரு கை பற்றியிருத்தல் இன்றியமையாதது. இன்றேல் கவை கீழே இறங்கிக் குண்டுகள் நாற்புறமும் சிதறும். வண்டியின் கீழ் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வைப்போர் அறிவுடையோர். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று குண்டுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளல் நன்று. இதன் பின்னர் யாவற்றையும் மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, கிண்ணங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நோக்க வேண்டும்.

இவ்விடத்திலேயே வேலையின் நேர்மை வெளிப்படுகிறது. கிண்ணத்தில் குழி இல்லையாயின், புதிய குண்டுகளும் புதிய கிரீசும் போதும். குழி தெளிவாகத் தெரியுமாயின், குண்டுகளை மட்டும் மாற்றுதல் வீண்வேலை. புதிய குண்டு பழைய குழியிலேயே விழும். சில நாள் அமைதியாக இருந்து, மீண்டும் சிக்கும். குண்டு, கிண்ணம், துணை ஆகிய யாவற்றையும் தொகுதியாக மாற்றுவதே முறை. பழைய கிண்ணங்களை உள்ளிருந்து ஒரு கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கிண்ணம் கோணும், குழாய்வாயும் விரியும். புதியன கோணாது நேராக அமர்தல் வேண்டும். தேய்ந்த குண்டுகளோடு புதியவற்றைக் கலத்தல் கூடாது. அளவிற் சிறிது மிகுந்த குண்டே பாரம் முழுவதையும் சுமந்து விரைவில் உடையும். குண்டுகளை நெருக்கி நிரப்புதலும் கூடாது. ஏறத்தாழ ஒரு குண்டின் அளவு இடைவெளி இருந்தாலே அவை தடையின்றி உருளும்.

இறுதியில் வருவது இறுக்கம். மிக இறுக்கினால் கழுத்து விறைக்கும். மிகத் தளர்த்தினால் ஆடும். ஆட்டம் நீங்கும் வரை இறுக்கி, விறைப்பு நீங்கும் வரை சற்றே தளர்த்தி, அந்நிலையிலேயே பூட்டுமரையை இறுக்க வேண்டும். பூட்டுமரையை இறுக்கும்பொழுது நிலை மாறுவதும் உண்டு. ஆகவே இருமுறை மும்முறை பார்த்தல் வேண்டும். புதிய கிண்ணங்கள் தத்தம் இடத்தில் நன்கு படிவதற்குச் சில நாளாகும். அதன் பின்னர் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தால் வேலை நிறைவுறும். உரிய தொகுதி கடையிற் கிடையாத வேளையில், கவையின்மேல் அமர்ந்த துணையைக் கழற்றிச் சிறிது சுற்றி அமைத்துக் குழிகளின் நேர்நிலையை மாற்றும் வழக்கமும் பணிமனைகளில் உண்டு. அது தற்காலிக உதவியே என்பதை உணர்ந்து செய்தல் வேண்டும்.

"குறைந்த விலைக்கு வாங்கிய பழைய வண்டிக்கு இத்துணைப் பாடும் செலவும் தகுமா?" என்று வினவுவோர் உண்டு. இவ்வினா எளிதில் தள்ளத் தக்கதன்று. வறிய குடும்பத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு உண்டு. எனினும் கணக்கை முழுமையாகப் போடுதல் வேண்டும். கழுத்துத் தொகுதியின் விலை பொதுவாக ஒரு புதிய டயரின் விலையினும் குறைவு. அதனை மாற்றினால் வண்டி மேலும் பல ஆண்டு உழைக்கும். மாற்றாவிடின் மற்றொரு பழைய வண்டி வாங்க நேரும். அவ்வண்டியின் கழுத்தும் எந்நிலையில் இருக்குமோ, யார் அறிவர்? குறைந்த விலையில் வாங்கிக் குறையோடு ஓட்டி, விரைவில் எறிந்து, மீண்டும் வாங்குதல் சிக்கனம் போலத் தோன்றும் ஊதாரித்தனமே ஆகும்.

ஆயினும் எதனையும் எக்காலத்தும் செப்பனிடலாம் என்று பிடிவாதம் கொள்ளுதலும் தவறு. கவை வெடித்திருந்தாலும், அதன் தண்டில் மரை அழிந்திருந்தாலும், தலைக்குழாயில் கீறல் கண்டிருந்தாலும் அவ்வுறுப்பை நீக்குதலே அறிவு. வெடித்த கவையின்மேல் புதிய குண்டு இடுதல், உளுத்த தூணுக்கு வண்ணம் பூசுவதை ஒக்கும். எதனைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்று பகுத்தறிதலே செப்பனிடுவோரின் தலையாய திறன். அத்திறன் நூலைப் படித்த அளவில் வருவதில்லை. கழற்றிப் பார்த்தவர்க்கே வாய்க்கும்.

"மாணவர்க்கு இஃது எதற்கு? கைத்தொழிலாளர் செய்யட்டும்; மாணவர் படிக்கட்டும்" என்று கூறுவோரும் உளர். அமெரிக்க நாட்டின் டேட்டன் நகரில் 1892இல் இரு உடன்பிறந்தார் மிதிவண்டிக் கடை ஒன்றைத் திறந்தனர், வண்டிகளை விற்றனர், பழுது பார்த்தனர், பின்னர்த் தாமே செய்யவும் தொடங்கினர். சங்கிலி, குண்டு, சமநிலை ஆகியவற்றோடு நாள்தோறும் பழகிய அவர்களே 1903இல் எந்திரப் பறவையை வானிற் செலுத்திய ரைட்டு உடன்பிறந்தார். மிதிவண்டி பழுது பார்ப்போர் எல்லாரும் வானூர்தி செய்வர் என்பது இதன் பொருளன்று. கையின் அறிவும் நூலின் அறிவும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கு இது சான்று. உராய்வு, விசை, சமநிலை என்று பாடநூலிற் படிப்பவையெல்லாம் கழற்றிய கழுத்தில் கண்முன் கிடக்கின்றன. அவற்றைத் தொட்டுப் பார்த்த மாணவர்க்குப் பாடம் மறக்குமா?

மேலும், வேலை அறிந்தவரே பிறர் வேலையை மதிப்பர். மரத்தடியில் ஒரு பெட்டியையும் காற்றடிக்கும் குழலையும் வைத்துக்கொண்டு பழுது பார்ப்பவரைப் பலர் இகழ்ச்சியாகப் பேசுவர். கூலியைக் குறைக்க வாதிடுவர். கழுத்தை ஒருமுறை தாமே கழற்றிப் பூட்டிய மாணவர், அவர் கையின் நுட்பத்தை உணர்வர். அரைகுறை வேலையையும் நிறைவான வேலையையும் பிரித்தறிவர். நிறைவான வேலைக்கு உரிய கூலியை மனமுவந்து அளிப்பர். இத்தகைய பழுது பார்ப்போர் இன்று தெருக்களில் அருகி வருகின்றனர். மதிப்பும் கூலியும் கிடைக்காத தொழிலில் மைந்தர் நிலைப்பரோ? அவர் மறைந்தால் அவர்தம் கைவழி வந்த அறிவும் மறையும். அதன் பின்னர்ச் சிறு பழுதும் பெரும் செலவாகும்.

பழுது பார்த்துக் காத்தல் காஞ்சிக்குப் புதியதன்று. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவையே எறிவதில்லை. தறியை நிறுத்தி அவ்விழையைத் தேடி முடிகின்றார். பழைய பாவு முடிந்ததும் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றனர். விரைந்து பிணைத்தால் சேலையிற் குறை தெரியும் என்பதை அவர் அறிவர். இராசசிம்ம பல்லவன் எடுத்த கயிலாசநாதர் கோயில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளைக் கடந்து நிற்பது, கட்டியோர் திறத்தால் மட்டும் அன்று. காலந்தோறும் செப்பனிட்டோர் கடமையுணர்வாலும் ஆகும். கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்காட்டும் மரபும் இவ்வுண்மையையே உணர்த்தும். காஞ்சி மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. ஏரியை வெட்டியதோடு அமையாமல், ஆண்டுதோறும் அதனைக் காப்பதற்கென்றே பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்த மக்கள் அவர்கள். ஆக்கலினும் காத்தல் அருமையுடைத்து என்பதை அவர் நன்குணர்ந்திருந்தனர்.

இவ்வுணர்வு இன்றைய நாட்டிற்கும் வேண்டும். 1991ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக எழுத்தறிவு பெற்ற சிற்றூர் மகளிர் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பிறர் துணையை எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் உரிமையை அவ்வண்டி அவர்க்குத் தந்தது. தமிழ்நாட்டரசு 2001-02ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் மேனிலைப் பள்ளி மாணவியர் சிலர்க்கென முதலில் அமைந்து, பின்னர் மாணவர்க்கும் விரிந்தது. பீகார் மாநிலமும் 2006இல் மாணவியர்க்கு இத்தகைய திட்டத்தைத் தொடங்கிற்று. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலும் பெண்கள் கல்வியைத் தொடர அது துணை செய்தது. இவையெல்லாம் போற்றத் தக்க செயல்கள். ஆனால் வண்டியைக் கொடுத்தல் கொடையின் முற்பாதியே. அதனைக் காக்கும் அறிவைக் கொடுத்தலே பிற்பாதி. அவ்வறிவு இல்லையாயின், மூன்றாண்டில் வண்டி சுவரோரம் சாயும். பெற்ற உரிமையும் அதனோடு சாயும்.

ஆதலால் பள்ளிதோறும் பருவத்திற்கு ஒரு நாளேனும் மிதிவண்டி நாளாக அமைதல் வேண்டும். அந்நாளில் ஊரிலுள்ள பழுது பார்ப்பவரை ஆசிரியராக அழைத்து, உரிய மதிப்பூதியம் அளித்து, மாணவர் தத்தம் வண்டியைச் சோதிக்கக் கற்பிக்கலாம். தடை, டயர், சங்கிலி ஆகியவற்றோடு கழுத்தையும் சோதித்தல் வேண்டும். இரண்டொரு திருகுசாவிகளும், ஒரு சுத்தியும், சிறிது கிரீசும் ஒரு பள்ளிக்குப் பெருஞ்செலவு ஆகா. மாணவியரும் மாணவரும் ஒருங்கே கற்றல் வேண்டும். நெடுவழி தனியே செல்லும் மாணவிக்கே இவ்வறிவு மிகுதியும் துணையாகும்.

புதியது வாங்குவதற்குப் பொருள் போதும். பழையதைப் புதுக்குவதற்கோ பொறுமையும் அறிவும் நேர்மையும் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வண்ணத்தை மெருகிடுவோர் பலர். கண்ணுக்குத் தெரியாத கழுத்தினுள் அழுக்கைத் துடைத்து, குண்டுகளை எண்ணி இட்டு, இறுக்கத்தை அளந்து பூட்டுவோர் சிலர். ஒருவரும் பாரா இடத்திலும் வேலையை நிறைவாகச் செய்யும் பழக்கம் இளமையிற் படியுமாயின், அது வண்டியோடு நில்லாது. எழுதும் கணக்கிலும், ஏற்கும் பணியிலும், காக்கும் பொறுப்பிலும் தொடர்ந்து வரும். அத்தகைய கைகளை உருவாக்குதல் பள்ளியின் கடமை. அவற்றை மதித்தல் நாட்டின் கடமை.